ஒரே மூச்சில் எண்ணச் சொன்ன மருத்துவமனை

என் அண்ணன் 19 நாள் படுத்திருந்த தனியார் மருத்துவமனையைப் பற்றிய மதிப்பீடு இது. குறையும் சொல்லவேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில், நரம்பியல் பிரிவோடு இயங்கும் நடுத்தர மருத்துவமனை என்றால் போதும்.

அண்ணனுக்கு வந்தது எல்லோருக்கும் வருகிற வயிற்றுப்போக்குதான். மூன்று நாளில் நின்றும் விட்டது. பத்து நாள் கழித்துப் பாதங்களில் மதமதப்பு தொடங்கியது. மறுநாள் மாலை படியேறும்போது முழங்கால் மடங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவின் பணி மருத்துவர், பேதியில் உப்புச்சத்து குறைந்திருக்கும் என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் விட்டதுதான் இந்த மருத்துவமனை மீது எனக்குள்ள பெரிய வருத்தம்.

மறுநாள் காலை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றோம். நரம்பியல் மருத்துவர் முதலில் செய்தது அந்தத் தட்டலைத்தான், கால் துள்ளவில்லை; நரம்பில் கோளாறு இருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. நரம்புகளைப் பாதித்துத் தசைகளைத் தளரச்செய்யும் கில்லன் பாரே நோயாக இருக்கக்கூடும் என்று அப்போதே சொல்லி, நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு எழுதினார். ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் நோய் இது; 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு ஒருசேர வந்தபோது செய்திகளில் அடிபட்ட அதே பெயர். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபாக்டர் கிருமியின் மேலுறையும் நம் நரம்புகளின் மேற்பரப்பும் ஓரளவு ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் நரம்பையும் தாக்கத் தொடங்கிவிடுகிறது என்று அவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். ஸ்டீராய்டு ஊசி போடலாமே என்று எங்கள் உறவினர் ஒருவர் வற்புறுத்தியபோது, இந்த நோய்க்கு அது பலன் தருவதில்லை என்று முகம் சுளிக்காமல் சொன்னார்.

இந்த மருத்துவமனைக்கு நான் முழு மதிப்பெண் தருவது செவிலியர்களுக்காக. இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவென்றும் பாராமல், "அண்ணா, மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு எண்ணுங்க" என்று ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி, எந்த எண்ணில் நின்றதோ அதைக் குறித்துக்கொண்டார்கள். முதல் நாள் 31. இரண்டாம் நாள் மாலை 24, நள்ளிரவில் 17. விரலில் மாட்டியிருந்த கருவியோ ஆக்சிஜன் அளவு 98 என்றே காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். மூச்சுத் தசைகள் தளர்ந்து வெகுநேரம் ஆன பிறகுதான் ஆக்சிஜன் அளவு இறங்கும் என்பதை எங்களுக்குப் புரியவைத்து, உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியது அந்த இரவுப்பணிச் செவிலியர்தான். வென்டிலேட்டரைப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். நல்லவேளையாக, 15க்குக் கீழே எண் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறியும் இறங்கியும் விளையாடியதையும் அங்கே விடாமல் கண்காணித்தார்கள்.

மருந்தகம் அந்தத் தரத்தில் இல்லை. அண்ணனின் எடை 60 கிலோ, கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 24 கிராம் இம்யூனோகுளோபுலின் (இந்த நோய்க்கு நரம்பு வழியே ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்து), ஐந்து நாளில் 120 கிராம். முதல் நாளே கணக்குத் தெரிந்திருந்தும் மூன்றாம் நாள் இருப்பில்லை என்று கைவிரித்தார்கள். ஐஸ் பெட்டியோடு நான் வெளியே அலைந்தேன். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பதால் மருந்தின் விலை கூடுதல் என்பதை ஏற்கலாம். ஆனால் பில்லில் "இதர வகை" என்ற தலைப்பில் இரண்டு பக்கம் நீண்டதற்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. உணவகத்தின் இட்லியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இயன்முறை சிகிச்சைப் பிரிவு சிறியது, அக்கறையானது. கைகால் மூட்டுகள் இறுகாமலிருக்கப் படுக்கையிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டில் செய்யவேண்டியதை அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நான்காம் மாதம் அண்ணன் கைத்தடியோடு தெருமுனை வரை நடந்தார். பாதத்தில் மதமதப்பு மிச்சமிருக்கிறது.

நரம்புத் தொல்லை என்றால் மீண்டும் அங்கேதான் போவேன். அவசர சிகிச்சைப் பிரிவில் மட்டும், அண்மையில் வந்துபோன காய்ச்சல், பேதி எல்லாவற்றையும் நானே முந்திக்கொண்டு சொல்லி, முழங்காலைத் தட்டிப் பார்க்கும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டேன்.