ஹெரால்டு காரும் ஒழுகும் மொட்டை மாடியும் ஒரே ஆளிடம்: சிங்காநல்லூர் ஷெட் எப்படி?

பழைய காரை இந்த ஷெட்காரரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். பழைய வீட்டையும் கொடுக்கலாம், ஆனால் கூரை வேலையும் மரவேலையும் மட்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தால் உங்களுக்குப் பொறுமை நிறைய வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது.

கோயம்புத்தூரில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு தகர ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும் ஒரு அம்பாசடரோ பத்மினியோ சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நிற்கும், அதுதான் அடையாளம். ஷெட்டை நடத்தும் அண்ணன், டிங்கரிங் வேலையில் (தகடு தட்டி நிமிர்த்துவது) ஆரம்பித்தவர். இப்போது பழைய வண்டிகளை முழுசாகப் பிரித்துக் கட்டித் தருகிறார். அது போக, பழைய ஓட்டு வீடு, கட்டை மச்சு வீடு இவற்றைப் புதுப்பிக்கும் வேலையும் எடுக்கிறார். இரண்டும் எதுக்குண்ணா என்று கேட்டதற்கு, "வண்டிக்காரங்க மனசு வந்தாத்தான் காசு தருவாங்க அம்மிணி, வீட்டுக்காரங்க மழை வந்தா தந்துதானுங்களே ஆகோணும்" என்றார். யோசித்துப் பார்த்தால் கணக்கு சரிதான். பழைய கார் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போகிறது. பம்பர் குரோம் பிளேட்டிங்குக்குப் போயிருக்கும், எஞ்சின் பிளாக் லேத்தில் கிடக்கும், ஏதோ ஒரு ரப்பர் பீடிங் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் அவர் யாருடைய மாடியிலாவது சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருப்பார். மாடியில் போட்டது காய வேண்டும் என்றால் இங்கே வந்துவிடுவார். சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வண்டி. அப்பாவுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969 மாடல், நாலு கதவு மார்க் 3. இளசுகளுக்காக ஒரு வரி: சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் இங்கே தயாரித்தது. 948 சிசி எஞ்சின். மைக்கெலோட்டி என்ற இத்தாலியக்காரர் வரைந்த உருவம். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும், எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். நம் ஊர் ஹெரால்டுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. இங்கிலாந்தில் இதற்கு நாலு கதவு மாடலே வந்ததில்லை, இந்தியாவுக்காகத்தான் 1968-ல் போட்டார்கள். அதனால் என்ன சிக்கல் என்றால், முன்பக்கத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் இன்றைக்கும் இங்கிலாந்திலிருந்து புது பாகம் வரவழைத்துவிடலாம், பின்கதவுக்கு மட்டும் உலகத்தில் எங்கேயும் போக முடியாது. தகடு வெட்டி, கையால் தட்டித்தான் செய்ய வேண்டும்.

அதற்குத்தான் இவர். வண்டியைப் பார்க்க வந்த அன்று சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார், பழைய ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கியது, மேலே ஒரு துண்டு ஃபிளானல் துணி சுற்றியிருந்தது. கதவின் மேல்பாதியில் வைத்தால் டக்கென்று பிடித்தது. அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வந்தார். கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் வந்ததும் பிடி தளர்ந்தது, அடி ஓரத்துக்கு வந்தபோது பிடிக்கவே இல்லை, கையிலேயே விழுந்துவிட்டது. அந்த இடம் முழுக்க பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. முன்பு ஒருவர் துருவை எடுக்காமல் மேலேயே பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார், அதற்கு அப்பா முழுக் காசும் கொடுத்திருக்கிறார். கதவுக்கு உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போக அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதையும் அந்தப் பட்டி அடைத்துவிட்டிருந்தது. அப்புறம் எப்படி அழுகாமல் இருக்கும்?

இவர் முதலில் செய்தது அந்த ஓட்டைகளைத் திறந்ததுதான். ஹெரால்டில் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி, போல்ட்டைக் கழற்றினால் பாடியைத் தூக்கி வைத்துவிடலாம். அப்படித் தூக்கிய பிறகு, சேசிஸில் இருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள் இரண்டு பொத்துப்போயிருந்தது தெரிந்தது. அதே கனத்தில் தகடு வெட்டி, புதிதாக மடித்து வெல்டிங் வைத்தார். நான் பார்த்த வரையில் மற்றவர்கள் மேலே ஒரு ஒட்டுப் போட்டு விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு முழு நம்பிக்கை வந்தது வேறு ஒரு இடத்தில். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நெட்டுக்கம்பியின் அடியில் மரை இருக்கும், அது டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுழலும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாகப் போய்ச் சேராமல் இறுகிவிடும், தண்ணீர் புகுந்து இரும்பு அரிக்கும், ஒருநாள் வளைவில் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். எங்கள் வண்டியில் பல வருஷமாக கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். மரை நகத்துக்குத் தட்டுப்படவே இல்லை, அவ்வளவு தேய்ந்திருந்தது. அப்பா இந்த வண்டியில்தான் எங்களைப் பழனிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

சரி, வீடு. தாத்தா கட்டியது, மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்கள், அதன்மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாகச் சாய்வரிசையில் சுண்ணாம்பு வைத்து அடுக்கியது, அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த ஒரு அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்ற தட்டையான ஓடு. சில வருஷம் முன்பு ஒழுகியபோது ஒரு கான்ட்ராக்டர் வந்து, மேலே சிமெண்டு பூசி, அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கும் அடித்துவிட்டுப் போனார். இரண்டு மழைக்கு ஒழுகவில்லை. அப்புறம் கீழே கூடத்தில் சுண்ணாம்பு உதிர ஆரம்பித்தது.

அண்ணன் மாடியில் காந்தத்துக்குப் பதில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறும் இடத்தில் எல்லாம் சாக்பீஸ் குறி. கீழே வந்து, உத்தரத்தின் நடுப்பகுதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சுவருக்குள் போகும் முனையில் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினார். ஓரிடத்தில் பாதி இரும்பு உள்ளே போய்விட்டது. சிமெண்டும் கோட்டிங்கும் மேலே மூடிக்கொண்டதால், விரிசல் வழியாக இறங்கிய ஈரம் திரும்பி ஆவியாக வழியில்லாமல் சுண்ணாம்பிலேயே தங்கி, சுவரோரமாக வந்து மரத்தைத் தின்றிருக்கிறது. கார் கதவில் இருந்த அதே வியாதி. "இங்கயும் எவனோ பட்டி பாத்துட்டுப் போயிருக்கான் அம்மிணி" என்று சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, அழுகிய முனையை வெட்டிப் பழைய தேக்கில் ஒட்டு வைத்து இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்கினார். அந்தப் பட்டையை ஷெட்டிலேயே வளைத்து, சேசிஸுக்கு அடிக்கும் அதே பிரைமரை அடித்துக் கொண்டுவந்திருந்தார். மேலே மறுபடியும் சுண்ணாம்புதான். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்குவது, அப்புறம் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) பார்த்துத் தட்டோடு. சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. அடுத்து வந்த ஐப்பசி மழை முழுக்கக் கூடத்தில் ஒரு சொட்டு இல்லை.

ஜன்னல் கம்பிகளை ஷெட்டுக்கு எடுத்துப்போய்த் துரு நீக்கி, கம்ப்ரசரில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். கார் ஃபினிஷ். நாங்கள் கேட்கவில்லை, அவராகச் செய்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

இனி குறைகள். பாத்ரூமை இவரிடம் கொடுக்காதீர்கள். தெரிந்த ஆள் என்று ஒரு பிளம்பரைக் கூட்டிவந்தார், அவர் போட்ட டைல்ஸில் வாட்டம் உல்டாவாகிவிட்டது, தண்ணீர் கதவுப் பக்கம் வந்து நிற்கிறது. சொன்னதும் மறுபடி கொத்தித் திருத்திக் கொடுத்தார்கள், கூலி கேட்கவில்லை, ஆனால் டைல்ஸ் காசு என்னுடையது. எலெக்ட்ரிக்கல் வேலையை மட்டும் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அந்த நேர்மை பிடித்தது.

இரண்டாவது, முகூர்த்த மாதங்கள். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு ஓடுகிறது. மாப்பிள்ளை அழைப்பு வண்டி நடுவழியில் நின்றால் முதல் ஃபோன் இவருக்குத்தான். அப்போது உங்கள் சாரம் கட்டியபடியே நிற்கும். எங்கள் மாடி பாதி பெயர்த்த நிலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த நாட்களில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. ஃபோன் செய்தால், "அம்மிணி, ஒரு அம்பாசடர் கிளட்ச் இறங்கிப்போச்சுங்க, நாளைக்கு வந்துர்றனுங்க" என்பார். அவர் சொல்லும் நாளைக்கு என்பதை அடுத்த வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தூசி. எங்கள் கதவு நிலைகளை ஷெட்டில் வைத்துத் தேய்த்தார்கள், பக்கத்திலேயே பிரைமர் அடித்த கார் கதவு காய்ந்துகொண்டிருந்தது. அத்தனை மரத்தூளும் அதில்தான். திரும்பத் தேய்த்து அடித்தார்கள், சரியாகிவிட்டது, ஆனாலும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் நடுவில் ஒரு தடுப்பாவது போட்டிருக்கலாம்.

பணம்: மொத்த கான்ட்ராக்ட் பேச மாட்டார். நாள் கூலி, பொருளுக்குக் கடை பில். ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார், எப்போது கேட்டாலும் காட்டுகிறார். வண்டிக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தின்னரும் எமரி பேப்பரும் எதற்கு வாங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆர்சி விஷயத்திலும் உதவினார். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேலான, அசல் உருவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு வேலை இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். "அப்பாவை வச்சு மார்க்கெட்டுக்குப் போகோணும்னா அது வேண்டாமுங்க" என்றார். நாங்கள் வழக்கம்போல ஐந்து வருஷப் புதுப்பிப்பிலேயே விட்டுவிட்டோம்.

எப்போது போகலாம் என்றால், கூரை வேலைக்கு மாசி, பங்குனி. எஞ்சின், சஸ்பென்ஷன் வேலைக்கு ஆடி, கல்யாணத் தொல்லை இருக்காது. ஆடியில் பெயிண்ட் மட்டும் வேண்டாம், நம் ஊர்க் காற்றுக்கு ரோட்டு மண் எல்லாம் வண்டிமேல்தான் இருக்கும். மழைக்காலத்திலும் வேண்டாம், ஈரத்தில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். ஃபோன் எடுக்கவில்லை என்றால் காலையில் ஏழரைக்கு முன்னால் நேரிலேயே போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் அவர் யார் வீட்டு மாடியில் இருப்பார் என்று ஷெட்டில் இருக்கும் பையன்களுக்கே தெரியாது.