வேலைக்குப் போகும் பெண்களிடம் விசாரிக்க எது சரி: படிவமா, தனிப் பேச்சா, குழுக் கூட்டமா?

வேலைக்குப் போகும் பெண்கள் பணியிடத்தில் என்னென்ன சிக்கல்களைச் சந்திக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் வேலை மாறுகிறார்கள், எந்தக் கட்டத்தில் வேலையையே விடுகிறார்கள் என்று விசாரிக்கும் பொறுப்பு எங்கள் சிறிய குழுவுக்கு வந்தது. எப்படிக் கேட்பது என்பதிலேயே முதல் சண்டை. ஆன்லைன் படிவம் போதும் என்றார்கள் சிலர். ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றோம் சிலர். எட்டுப் பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்தால் பேச்சு தானாக வரும் என்றார் இன்னொருவர். கடைசியில் தனிப் பேச்சைத் தேர்ந்தெடுத்து, கூடவே ஒரு சின்னப் படிவத்தையும் சேர்த்துக்கொண்டோம். நான் தனிப் பேச்சுக் கட்சி. அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். படிவத்துக்குச் செலவு குறைவு. எல்லோருக்கும் ஒரே கேள்வி ஒரே சொற்களில் போகும். எண்ணிக்கை கையில் கிடைக்கும். தனிப் பேச்சுக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை.

குழுக் கூட்டத்துக்கு ஒரு நல்ல பயன் உண்டு. எல்லோருக்கும் பொதுவான தொல்லைகள் அங்கே மளமளவென்று வரும். கழிவறை வசதி, இரவுப் பணி முடிந்து வீடு திரும்ப வண்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்கும் மீட்டிங் என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் நிரப்பிவிடுவார்கள். அவர்கள் தங்களுக்குள் எந்தச் சொற்களில் பேசிக்கொள்கிறார்கள் என்பதும் நமக்குப் பிடிபடும். பிறகு கேள்விகளை எழுதும்போது அது உதவும். ஆனால் அதே அறையில் மூத்த பணியாளர் ஒருவர் இருந்தாலே பேச்சின் நிறம் மாறிவிடுகிறது. சம்பளம், மேலதிகாரியின் நடத்தை, அடுத்த வருஷம் வேலையை விடப்போகும் யோசனை ஆகியவற்றைச் சக ஊழியர்கள் முன்னால் யார் சொல்வார்கள்? அதனால் முடிவுகளைப் பற்றிய விசாரணைக்கு இது ஒத்துவராது என்று நாங்கள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

அந்தப் போட்டியை எனக்குத் தீர்த்து வைத்தது ஒரே ஒரு கேள்வி: "வேலையை ஏன் விட்டீர்கள்?"

படிவத்தில் இதற்கு வழக்கமாக ஒரு பட்டியல் இருக்கும். திருமணம், குழந்தை வளர்ப்பு, இடமாற்றம், குறைந்த சம்பளம், உடல்நலம், மற்றவை. முக்கியக் காரணம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் டிக் விழுவது குடும்பத்தைச் சார்ந்த கட்டத்தில். அது பொய் இல்லை. ஆனால் அது கடைசியாக நடந்தது மட்டும்தான். தனியாக உட்கார்ந்து, "அதுக்கு முன்னாடி என்னங்க நடந்துச்சு?" என்று ஒரு படி பின்னால் போய்க் கேட்டால் வேறு ஒரு வரிசை வெளியே வரும். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது அவர் பார்த்துவந்த வேலை இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். புதிதாகக் கொடுத்த வேலையில் பெரிதாகக் காட்ட எதுவும் இருக்காது. ஆண்டு மதிப்பீட்டில் 'பரவாயில்லை' ரகம் வரும். வேலை நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளித்தரக் கேட்டிருப்பார், பதிலே வந்திருக்காது. அதற்கெல்லாம் பிறகு ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மூன்று நாள் விடுப்பு கேட்பார், அந்த வாரமே ராஜினாமா. இப்போது இதைக் 'குழந்தை வளர்ப்பு' என்று பதிவதா? படிவம் அப்படித்தான் பதியும். அந்த அறிக்கையைப் பார்க்கும் நிர்வாகமும், 'இது அவர்கள் வீட்டு விஷயம், நாம் என்ன செய்ய முடியும்' என்று கோப்பை மூடிவிடும்.

இது எங்கள் குழுவின் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் பமீலா ஸ்டோன், நல்ல பதவிகளை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிய 54 பெண்களிடம் விரிவாகப் பேசி 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையில்தான் போகிறது. குழந்தைகளுக்காகத் தாங்களே விரும்பி வந்தார்கள் என்பதுதான் அப்போது ஊடகங்கள் சொல்லிவந்த கதை. பேச்சை விரித்துக் கேட்டால், முடிவே இல்லாத வேலை நேரமும், பகுதி நேரம் கேட்டதும் ஓரங்கட்டப்பட்டதும், தன் வேலையைக் குறைத்துக்கொள்ளாத கணவரும் அதற்குள் இருந்தார்கள்.

இன்னொன்று, நடக்காமல் போன முடிவுகள். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்காதது, வெளியூர்ப் பொறுப்பு வேண்டாம் என்றது, சம்பள உயர்வைக் கேட்காமலே விட்டது. 'உங்களுக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதா?' என்று படிவம் கேட்டால் 'இல்லை' என்பதுதான் சரியான பதில். அவர்தான் விண்ணப்பிக்கவே இல்லையே! பெண்களின் தொழில் வாழ்க்கையில் பாதி திருப்பங்கள் இப்படிச் சத்தமில்லாமல் நடப்பவை என்பது என் அபிப்பிராயம். அவற்றைப் பிடிக்க எதிரில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்க வேண்டும்.

சும்மா பேசவிட்டாலும் போதாது. நினைவு தாவும், எது முன்னால், எது பின்னால் என்று குழம்பும். அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது வாழ்க்கை நாட்காட்டி முறை. டெபோரா ஃப்ரீட்மனும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் விவரித்த முறை அது. ஒரு பெரிய தாள். மேலே வருஷங்களும் மாதங்களும். பக்கவாட்டில் வேலை, சம்பளம், மேலதிகாரி, பயணம், வீடு, குழந்தை, உடல்நலம் என்று வரிசைகள். முதலில் அவருக்கு மறக்கவே முடியாதவற்றைக் குறிக்க வேண்டும்: கல்யாணம், பிரசவம், வீடு மாறியது. பிறகு அவற்றைப் பிடித்துக்கொண்டு வேலை வரிசையை நிரப்பலாம். 'ஏன்' என்ற கேள்வியைக் கடைசி வரை எடுக்கவே கூடாது. 'ஏன்' என்றதும் யாருமே தன் முடிவுக்கு வக்கீலாகிவிடுகிறார்கள். 'அப்போ யார் மேலதிகாரி?', 'அந்த மாசம் குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க?' என்று கேட்டால் நடந்தது வரும். தாள் நிரம்பியதும் பல பேர் தாங்களே அதைப் பார்த்து, "ஓ, மேலதிகாரி மாறின பிறகுதான் எல்லாம் ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்வதுண்டு.

சரி, படிவம் எங்கே ஜெயிக்கிறது? பாலியல் தொல்லை விஷயத்தில். இங்கே என் கட்சி தோற்கும், அதை மறைக்க விரும்பவில்லை. சங்கடமான விஷயங்களை எதிரில் இருக்கும் ஆளிடம் சொல்வதைவிடத் தானே குறித்துக்கொடுக்கும்போது மக்கள் கூடுதலாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று ரோஜர் டூராங்கோவும் டாம் ஸ்மித்தும் 1996-இலேயே காட்டிவிட்டார்கள். 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களிடம் அவர்கள் வாங்கிய மதிப்பெண் முதலியவற்றைக் கேட்டு, பதில்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டது. தனக்குப் பெருமை தராத உண்மைகளைத் தொலைபேசியில் பேசியவர்களைவிட இணையத்தில் நிரப்பியவர்கள் அதிகம் ஒத்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணுக்கே இப்படி என்றால் மற்றதைச் சொல்லவா வேண்டும்! நாங்கள் பேச்சின் நடுவே ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுச் சற்று விலகி உட்கார்ந்தது இதனால்தான். குறித்து, மடித்து, உறையில் போட்டுத் தருவார்கள். அந்தத் தாளில் பெயர் கிடையாது.

எந்த முறையானாலும் கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பது பதிலைப் புரட்டிப் போட்டுவிடும். 2003-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 86,000-க்கும் மேற்பட்டவர்களின் பதில்களை அலசியது. 'பாலியல் தொல்லைக்கு ஆளானீர்களா' என்று நேராகக் கேட்டபோது பெண்களில் 24 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அப்படிப்பட்ட நடத்தைகளை ஒவ்வொன்றாக விவரித்து 'இது நடந்ததா' என்று கேட்ட ஆய்வுகளில் அது 58 சதவீதம். படிவம் தயாரிப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மேசை மேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட, 121 நாடுகளில் சுமார் 75,000 பேரிடம் நடந்த கணக்கெடுப்பிலும், வேலையிடத்தில் வன்முறையோ தொல்லையோ அனுபவித்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் அதை யாரிடமாவது சொல்லியிருந்தார்கள்.

ஆனால் படிவத்தின் ரகசியம் எவ்வளவு கெட்டி என்பதையும் பார்க்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலில், மனிதவளத் துறையின் பெயரில் வரும் இணைப்பை எந்தப் பெண் நம்பி நிரப்புவார்? பெயர் கேட்கவில்லை என்பார்கள். துறை, வயது, சேர்ந்த வருஷம் மூன்றையும் கேட்டிருப்பார்கள். ஒரு துறையில் நாலே நாலு பெண்கள் இருந்தால் அது பெயர் கேட்டதற்குச் சமம். ஐந்து பேருக்குக் குறைவான பிரிவின் பதில்களைத் தனியாக வெளியிடுவதில்லை என்ற விதியை முதலிலேயே அறிவித்துவிடுவது நல்லது.

யாரை விட்டுவிடுகிறோம் என்பது அடுத்த சிக்கல். அலுவலகப் பட்டியலுக்கு அனுப்பும் படிவம் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் போகும். விட்டுப்போனவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கேள்வியோ 'ஏன் விடுகிறார்கள்' என்பது! பதில்கள் ஏராளமாகக் குவிந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களை வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தனிப் பேச்சில், பேசியவர்களிடமே "உங்களோடு வேலை பார்த்து விட்டுப்போனவர் யாராவது?" என்று கேட்டுப் போய்ச் சேரலாம். இதிலும் குறை உண்டு: தோழிக்குத் தோழி என்று போகும்போது ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே மாதிரிப் படிப்பு என்று வட்டம் சுருங்கிவிடும். நடுவில் வேண்டுமென்றே வேறு வாசலைத் தட்ட வேண்டும்.

தனிப் பேச்சின் உண்மையான செலவு பேச்சு முடிந்த பிறகுதான் தெரியும். ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்சு செய்யப் பல மணி நேரம் பிடிக்கிறது. பதிவுகளைப் பூட்டி வைக்க வேண்டும், பெயர்களை மாற்ற வேண்டும், எப்போது அழிப்போம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேட்பவரின் முகமும் ஒரு கேள்விதான். 'அடப்பாவமே' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வருவது எல்லாம் சோகக் கதையாகவே வரும். எத்தனை பேர் போதும் என்பதற்கு எல்லோரும் காட்டும் கணக்கு 12. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளை வைத்து 2006-இல் வந்த கட்டுரையில், முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. ஆனால் அது ஓரளவு ஒரே மாதிரி வாழ்க்கை உள்ளவர்களுக்குப் பொருந்தும் கணக்கு. செவிலியரையும் கணினித் துறைப் பெண்ணையும் தொழிற்சாலைப் பெண்ணையும் ஒரே 12-க்குள் அடைக்க முடியாது. 12 பேரில் 7 பேர் சொன்னதை '58 சதவீதம்' என்று எழுதுவதும் கூடாது.

எனக்கு அனுபவம் குறைந்த இடங்களையும் சொல்கிறேன். நாங்கள் பேசியவர்களில் மாதச் சம்பளக்காரர்களே அதிகம். தினக்கூலிக்குப் போகும் பெண்களிடமும், வீட்டு வேலை செய்பவர்களிடமும் நாட்காட்டித் தாள் எப்படி எடுபடும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தொலைபேசிப் பேட்டியையும் ஓரளவுதான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதனால் ஆம், இல்லை என்று சொன்னால் போதும் என்கிற மாதிரிக் கேள்விகளை அமைத்தால் அவருக்கு வசதி.

நிர்வாகத்திடமோ சங்கத்திடமோ எண்ணைக் காட்டித்தான் பேச முடியும் என்றால், அல்லது வருஷா வருஷம் மாற்றத்தைப் பார்க்க வேண்டும் என்றால் படிவம்தான் வழி. அப்போதும் முதலில் ஆறேழு பேரிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டுக் கேள்விகளை எழுதுங்கள். 'முக்கியக் காரணம் எது' என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துவிட்டு, 'வேலையை விடுவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் இவற்றில் எவையெல்லாம் நடந்தன' என்று கேட்கலாம். பொறுப்பு கை மாறியது, மேலதிகாரி மாறினார், நேர மாற்றம் கேட்டுக் கிடைக்கவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் நின்றுவிட்டார். எத்தனை வேண்டுமானாலும் டிக் செய்யலாம். எங்கள் சின்னப் படிவத்தின் இரண்டாம் வடிவம் இப்படித்தான் இருக்கிறது.