ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் விமானத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ்: புதுசா, ஓவர்ஹாலா, கழட்டினதா?

எம்சி-130ஜே (சி-130ஜேங்கற சரக்கு விமானத்தோட ரகசிய ஆபரேஷன் வடிவம்), சிவி-22 (ஹெலிகாப்டர் மாதிரி எழும்பி விமானம் மாதிரி பறக்கற ஆஸ்ப்ரே) மாதிரி அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ்னு பேச்சு வந்தாலே எல்லாரும் முதல்ல கேக்கறது என்ன விலை, எப்ப வரும்ங்கறதுதான். என்னைக் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது அந்த பார்ட்டோட ஹிஸ்டரி: எங்க செஞ்சது, எத்தனை மணி நேரம் பறந்தது, கடைசியா எங்க பிரிச்சு செக் பண்ணாங்க, இதுக்கெல்லாம் பேப்பர் இருக்கா. ராத்திரில லைட் அணைச்சுட்டு மலையை ஒட்டி தாழ்வா பறக்கற விமானம், ஒரு பார்ட் மக்கர் பண்ணா சுதாரிக்க உயரமே கிடையாது.

கம்பெனிகிட்டயே புதுசா வாங்கறதுல எம்சி-130ஜேக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. சி-130ஜே இன்னும் தயாரிப்புல இருக்கு, ஏஇ 2100டி3 இன்ஜினும் ஆறு பிளேடு டவுட்டி ப்ரொபெல்லரும் சாதா சரக்கு விமானத்துலயும் அதேதான், அதனால ஸ்டாக் ஓரளவு சுத்திட்டே இருக்கும். மலையை ஒட்டி பறக்க உதவற ரேடார் மாதிரி இந்த வேலைக்குன்னே இருக்கற சாமான்தான் கஷ்டம், விமானமே கொஞ்சம்தான்கிறப்ப ஆர்டரும் கொஞ்சம்தான் போகும், காத்துக்கிட்டு கிடக்கணும்.

ஆனா புதுசுன்னாலே சேஃப்னும் சொல்லிட முடியாது. 2023 நவம்பர்ல ஜப்பான் யாகுஷிமா பக்கத்துல சிவி-22 விழுந்து 8 பேர் போனாங்களே, அதுல உடைஞ்சது இடது பக்க கியர்பாக்ஸுக்குள்ள ஒரு பினியன் கியர், அதாவது சின்ன பல்சக்கரம். அந்த ஸ்டீல்லயே, செய்யும்போதே கலந்த மாசு காரணமா இருக்கலாம்னு சந்தேகம், அதனாலதான் இப்ப மூணு தடவை உருக்கி சுத்தம் பண்ண ஸ்டீல்ல கியர் செய்யறதுக்கு மாறறாங்க.

அடுத்து ஓவர்ஹால் பண்ணது, அதாவது முழுசா பிரிச்சு செக் பண்ணி சரி செஞ்சது. விலை குறைவு, சரியா பண்ணா புதுசுக்கு சமம்தான், ஆனா அந்த "சரியா"லதான் எல்லாமே இருக்கு. 2017 ஜூலைல அமெரிக்காவோட மிசிசிப்பில, சி-130 குடும்பத்து கேசி-130டி விமானம் ஒண்ணு நடுவானத்துலயே பிஞ்சு விழுந்து 16 பேர் செத்தாங்க, அதுல 7 பேர் மரீன் ரெய்டர்ங்கற ஸ்பெஷல் ஆபரேஷன்ஸ் பட்டாலியன் ஆளுங்க. 2011-ல அமெரிக்க விமானப்படையோட வார்னர் ராபின்ஸ் ரிப்பேர் டெப்போல ஓவர்ஹால் ஆன ப்ரொபெல்லர் அது, ஒரு பிளேடுல இருந்த துருக்குழிய அப்ப எடுக்காம விட்டுட்டாங்க, அதுலேர்ந்து விரிசல் வளந்து பிளேடே பிச்சுக்கிட்டு விமானத்தோட உடம்புக்குள்ள பாஞ்சிருச்சு. கண்ணுக்கு பளபளன்னு இருந்தா போதாது, பிளேடோட உள் துவாரம் வரைக்கும் எடி கரன்ட் (மின்காந்தத்தால விரிசல் கண்டுபிடிக்கற முறை) செக் பண்ண ரிப்போர்ட் கையில இருக்கணும். 2022-லயும் இதே ரகமான பழைய 54எச்60 ப்ரொபெல்லரோட ஹப்புல (நடு மையத்துல) விரிசல்னு அமெரிக்க விமானப்படை 116 பழைய மாடல் சி-130எச்சை தரையிறக்குச்சு.

அமெரிக்காவோட அரிசோனால, டூசான் ஊர்ல இருக்கற டேவிஸ்-மாந்தன் விமானப்படைத் தளத்துப் பாலைவனத்துல நிறுத்தி வச்ச பழைய விமானங்கள்லேர்ந்து எடுக்கறத சிலர் கேவலமா பேசறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. காத்து வறண்டது, துரு குறைவு, எந்த விமானத்துலேர்ந்து கழட்டினதுன்னு ரெக்கார்டும் இருக்கும். கதவு, பேனல், பிராக்கெட், தயாரிப்பு நின்னுபோன பழைய சாமான் இதுக்கெல்லாம் அருமையான வழி. சுத்தற பார்ட்டுன்னா மட்டும் மறுபடி ஓவர்ஹால் பண்ணாம தொடவே கூடாது.

புரோக்கர்கிட்ட வாங்கற எலக்ட்ரானிக்ஸ்தான் எனக்கு சுத்தமா ஆகாது. அமெரிக்க செனட் கமிட்டி 2011, 12-ல விசாரிச்சப்ப சி-130ஜே காக்பிட் டிஸ்ப்ளேக்குள்ளயே போலின்னு சந்தேகப்படற மெமரி சிப் இருந்தது வெளிய வந்துச்சு, இன்ஜின் என்ன பண்ணுதுன்னு பைலட் பாக்கற டிஸ்ப்ளே அது! பழைய சிப்பை சுரண்டி மேல புது நம்பர் அடிச்சு விக்கறவன்கிட்ட என்ன பேப்பரை நம்பறது?

3டி பிரிண்ட் இன்னும் வளரணும், ஆனா நம்பிக்கை இருக்கு. 2016 ஜூலைல வி-22 (சிவி-22 இதோட ஒரு வகைதான்) இன்ஜின் நசெல்லை, அதாவது இன்ஜின் கூட்டை, இறக்கையோட பிடிச்சிருக்கற டைட்டானியம் இணைப்ப பிரிண்ட் பண்ணி மாட்டி பறந்தே காமிச்சாங்க.

பக்கத்து விமானத்துலேர்ந்து கழட்டி மாட்டறது, இன்னைக்கு ராத்திரியே கிளம்பணும்னா வேற வழியே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா கழட்ட ஒரு தடவை, மாட்ட ஒரு தடவை, புது பார்ட் வந்ததும் கழட்டின விமானத்துல மறுபடி ஒரு தடவைன்னு மெக்கானிக் உயிர் போகும், நல்லா இருந்த கனெக்டரும் இதுலயே தேஞ்சு போகும். ஒரு மாசம் இப்படியே போனா அந்த கொடுத்த விமானம் ஹேங்கரை விட்டு வெளியவே வராது, அதுக்கு பதிலா ரெண்டு ஓவர்ஹால் பார்ட்டை முன்னாடியே வாங்கி ஷெல்ஃப்ல வச்சிருக்கலாம்.