பழைய செவெலுக்கு எந்த டார்க் கன்வெர்ட்டர்: 12 அங்குலமா, 10 அங்குலமா?

1972 மாடல் செவர்லே செவெல், அதில் 350 கன அங்குல வி8 இன்ஜின், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்: அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி காணக்கூடிய சேர்க்கை இது. அப்படியொரு வண்டியில் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பெரிதாக்கியபோதுதான், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பற்றி யோசிக்கும்படி ஆயிற்று. பெரிய கேமுக்கு 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை குறைவு. ஐட்லிங்கைக் கூட்டி வைக்க வேண்டியிருப்பதால், பழைய கன்வெர்ட்டருடன் சிக்னலில் நிற்கும் வண்டி பிரேக்கை மீறி முன்னே நகரப் பார்க்கும். 2,200 முதல் 2,400 வரை ஸ்டால் உள்ள 12 அங்குல கன்வெர்ட்டர், 3,000 அளவில் ஸ்டால் உள்ள 10 அங்குல கன்வெர்ட்டர் ஆகிய இரண்டையும் எடைபோட்டு, நான் முதலாவதைப் போட்டேன்.

கன்வெர்ட்டருக்குள் கியர்பாக்ஸைச் சுழற்றும் டர்பைனைச் சுழலவிடாமல் பிடித்து வைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் இன்ஜின் எட்டக்கூடிய உச்ச வேகமே ஸ்டால். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 350க்குப் பின்னால் 2,400 காட்டும் கன்வெர்ட்டர், முறுக்குவிசை கூடிய 454க்குப் பின்னால் இன்னும் உயர்ந்த எண்ணில்தான் நிற்கும். ஆகவே வண்டியின் எடை, கேமின் அளவு, டயரின் உயரம், பின்அச்சின் விகிதம் ஆகியவற்றைச் சொல்லிக் கேட்டு வாங்குவதே முறை.

10 அங்குலத்தின் பெருமை வெளிப்படையானது. எடை குறைவு, நின்ற இடத்திலிருந்து இன்ஜின் உடனே தன் பலமான வேகத்துக்கு எழும். கால் மைல் பந்தயத் தடத்துக்குப் போகிறவர் வேறெதையும் தேட வேண்டியதில்லை. நான் தடத்தில் ஓட்டுகிறவன் அல்லன் என்பதால், அங்கே அது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது.

என் முடிவைத் தீர்மானித்தது சூடு. கன்வெர்ட்டருக்குள் இன்ஜின் சுழற்றும் இம்பெல்லருக்கும் டர்பைனுக்கும் இடையே எவ்வளவு வழுக்கல் ஏற்படுகிறதோ அவ்வளவும் ஆயிலில் சூடாகச் சேர்கிறது. என் வண்டியின் பின்அச்சு 2.73, டயரின் உயரம் 26 அங்குலம். மணிக்கு 60 மைல் வேகத்தில், வழுக்கலைக் கணக்கில் எடுக்காமல், இன்ஜின் ஏறக்குறைய 2,100 ஆர்பிஎம்மில்தான் சுழலும். இம்பெல்லரையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கப் வசதியும் அந்தக் காலத்து கியர்பாக்ஸில் கிடையாது. 3,000 ஸ்டால் கன்வெர்ட்டரை அங்கே போட்டால், நெடுஞ்சாலைப் பயணம் முழுவதும் ஸ்டாலுக்குக் கீழேயே கழியும். ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்துச் சமதரையில் போகும்போது வழுக்கல் சிறிதளவே என்பதும், நன்றாக வடிவமைத்த 10 அங்குலம் மலிவான 12 அங்குலத்தைவிடக் குறைவாக வழுக்கக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் ஏற்றத்திலும் கோடைக்கால நெரிசலிலும் அந்தச் சலுகை நீடிப்பதில்லை. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 175 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 80 டிகிரி செல்சியஸ், சுகமான சூடு. அதற்குமேல் ஒவ்வொரு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 240ஐத் தாண்டினால் உள்ளே வார்னிஷ் படியத் தொடங்கும். 12 அங்குலத்துடனும் நான் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தனி கூலரும், ஆயில் பேனில் ஒரு வெப்பமானியும் வைத்திருக்கிறேன். 10 அங்குலம் போடுகிறவருக்கு இவை கட்டாயம்.

பொருத்தும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. போல்ட் துளைகளின் வட்டம் 10.75 அங்குலமா, 11.5 அங்குலமா என்று ஃப்ளெக்ஸ்பிளேட்டுடன் (கன்வெர்ட்டரை போல்ட் போட்டு இணைக்கும் இன்ஜின் பக்கத்துத் தட்டு) முதலில் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட் ஆயிலை ஊற்றி, சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் தாங்கி, பம்ப் ஆகியவற்றில் ஒவ்வொன்றாக ‘டொக்’கென்று இறங்குவது கைக்கே தெரியும். பிறகு கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல்ஹவுசிங்கை இன்ஜினோடு சேர்த்ததும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் பம்பில் முழுமையாக இறங்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் உடையும். பழைய கன்வெர்ட்டர் உதிர்த்த துகள்கள் கூலர் குழாய்களில் தங்கியிருக்கும் என்பதால், அவற்றைக் கழுவிவிட்டே புது ஆயில் ஊற்ற வேண்டும்.

3.73 பின்அச்சு உள்ள வண்டியில் என் தீர்ப்பு மாறக்கூடும். அங்கே அதே 60 மைலில் இன்ஜின் ஏறக்குறைய 2,900இல் சுழலும் என்பதால், 10 அங்குலத்தின் மேல் நான் வைக்கும் குறை பெருமளவு கரைந்துவிடுகிறது. பின்அச்சை மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் அதை முடித்துக்கொண்டு கன்வெர்ட்டருக்கு வருவது நல்லது; பிறகு மாற்றினால் கியர்பாக்ஸை இரண்டாம் முறை இறக்க நேரிடலாம், அந்தக் கூலி கன்வெர்ட்டரின் விலையோடு போட்டி போடும்.