ட்ரோன் கிட் வாங்கப் போகிறீர்களா? சமையலறைத் தராசையும் எடுத்துப் போங்கள்

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக் கடையில் நான்கு மோட்டார் ட்ரோனை நாமே பூட்டுவதற்கான ‘எஃப்450 ஃபுல் செட்’ என்று 9,500 ரூபாய்க்குத் தலையில் கட்டுகிறார்கள். ஃப்ரேம், ஏ2212 1000கேவி மோட்டார் நான்கு (கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு), மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்ப் இஎஸ்சி நான்கு, பத்து அங்குல 1045 ப்ரொப்பெல்லர் நான்கு, ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர், 3எஸ் 2200 எம்ஏஎச் லிப்போ (மூன்று செல், 2200 கொள்ளளவு கொண்ட லித்தியம் பேட்டரி). பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களிடம் வந்த பெட்டியைப் பிரித்த பிறகுதான் கதை வேறு.

பேட்டரிதான் பெரிய மோசடி. நல்ல 3எஸ் 2200, ஒயரும் எக்ஸ்டி60 கனெக்டரும் சேர்ந்து 170 முதல் 190 கிராம் நிற்கும். இது 131. உறை ஓரம் ஏற்கெனவே பிரிந்திருந்தது. விலக்கினால் அடியில் இன்னொரு உறை, அதில் பாதி சுரண்டிய ‘1500’. (நீங்கள் பிளேடு வைத்துக் கீறாதீர்கள். செல்லில் பட்டால் தீதான்.) நடு செல் லேசாக உப்பியிருக்கிறதே என்று கேட்டதற்கு, “தம்பி, லித்தியம்னா கொஞ்சம் உப்பத்தான் செய்யும்” என்றார் கடைக்காரர். செய்யாது. புது செல் தட்டையாக இருக்கும்.

சார்ஜரில் ஒவ்வொரு செல்லின் உள்மின்தடையையும் பார்த்தால் 14, 16, 58 மில்லி ஓம். இந்த 58-ல்தான் ஆபத்து. ஒன்றேகால் கிலோ ட்ரோன் ஒரே உயரத்தில் நிற்கச் சுமார் 15 ஆம்ப் இழுக்கும். அப்போது அந்த ஒரு செல்லில் மட்டும் 0.87 வோல்ட் இறங்கிவிடும். 3.8-ல் இருந்த செல் 2.93-க்குப் போய்விடும். மற்ற இரண்டும் தெம்பாக இருப்பதால் மொத்தம் 10.1 என்று காட்டும். 10 வோல்ட்டில் கத்தும்படி வைத்த அலாரம் வாயே திறக்காது, ட்ரோன் கல் மாதிரி விழும். பேலன்ஸ் பின்னில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒயர் வரும் சின்ன கனெக்டர்) செருகி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் சின்ன அலாரத்தையே போடுங்கள், 3.5-ல் வையுங்கள்.

அடுத்து மோட்டார். நான்கிலும் 1000கேவி ஸ்டிக்கர். ஒன்றில் மட்டும் தண்டின் அடியிலுள்ள சி-கிளிப்பில் துரு. உப்புக்காற்றில் ஓடிய பழைய மோட்டாருக்குப் புது ஸ்டிக்கர் என்று அப்போதே சந்தேகம். கண்டுபிடிக்க டிரில் மெஷின் போதும். தண்டை டிரில்லில் கவ்வி, மோட்டாரின் சுழலாத அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று ஒயரில் ஏதாவது இரண்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 2,800 ஆர்பிஎம்மில் 1000கேவி மோட்டார் சுமார் 2 வோல்ட் தரும். மூன்று மோட்டார் அப்படித் தந்தன, துருப்பிடித்தது 1.4. அதாவது அது 1400கேவி. பத்து அங்குல ப்ரொப்பெல்லரைச் சுற்ற அது அளவுக்கு மீறி கரன்ட் இழுக்கும், இரண்டு நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும். டிரில் வேகம் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நான்கும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்தாலே போதும்.

ப்ரொப்பெல்லர் நான்கிலும் ‘1045’ என்றே அச்சு. இரண்டில் கடைசியில் ‘ஆர்’ எழுத்து இருக்க வேண்டும், அவைதான் எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு மோட்டாருக்கு. இஎஸ்சியில் குறை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

“வீட்ல செஞ்சதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் வேணாம்” என்றும் ஒரு இலவச ஆலோசனை. ட்ரோன் விதிகள் 2021-ன்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. தொழிலுக்கு இல்லையென்றால் பைலட் சான்றிதழ்தான் தேவையில்லை. பதிவு எண் வேண்டும். துறைமுகம், அனல்மின் நிலையம் என்று சுற்றிலும் இருக்கிற வடசென்னையில், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் வான்வெளி வரைபடத்தில் நிறம் பார்க்காமல் மொட்டை மாடியிலிருந்து கிளப்பாதீர்கள்.

பில் கேட்டால் ‘எஸ்டிமேட்’ என்று வெள்ளைத் துண்டுச்சீட்டு. கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ ரப்பர் ஸ்டாம்ப். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் பில் தராததும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஜிபே ரசீது, தராசில் பேட்டரி வைத்த படம், சார்ஜர் திரையின் படம் மூன்றையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

1915 பேச்சை எடுத்ததும் மோட்டாரையும் ப்ரொப்பெல்லரையும் முணுமுணுத்தபடி மாற்றிக் கொடுத்தார்கள். பேட்டரிக்கு இன்னும் ‘அடுத்த லாட் வரட்டும்’தான். புகார் பதிவாகியிருக்கிறது; பேட்டரி மணல் வாளியில் இருக்கிறது.