கருந்துளை வரைக்கும் ஒரு டூர்: ஊர் சுற்றிகளுக்கான எலைட் டேஞ்சரஸ் விமர்சனம்

மணலி ரிஃபைனரி வெளிச்சமும் துறைமுகத்து விளக்குகளும் இருக்கும் வரை, எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் பால்வீதி கண்ணில் படப்போவதில்லை. அதையே நிஜ அளவில், சுமார் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு கம்ப்யூட்டருக்குள் இறக்கி வைத்திருக்கிறது எலைட் டேஞ்சரஸ். ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2014 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு. சண்டை, வியாபாரம், சுரங்கம் எல்லாம் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க மட்டும் வாங்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. அளவுகோலாக எடுத்துக்கொண்டது பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளை, சாஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார். சூரியனிலிருந்து சுமார் 25,900 ஒளியாண்டு.

வாங்குவதென்றால் பிசியில்தான். கன்சோலுக்கான வேலையை 2022 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். கிரகத்தில் கால் வைத்து நடக்க உதவும் ஒடிஸி என்ற கூடுதல் பகுதி (2021 மே) அங்கே வரவே இல்லை. எனவே வண்ணாரப்பேட்டை பக்கம் மணிக்கு இவ்வளவு என்று விடும் பிளேஸ்டேஷன் கடையில் உட்கார்ந்து சாம்பிள் பார்க்கும் யோசனை வேலைக்கு ஆகாது. ஒடிஸிக்கு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டாவது இருக்கட்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் தள்ளுபடி அடிக்கடி வரும், அவசரப்பட வேண்டாம்.

பெரிய குறையை இப்போதே சொல்லிவிடலாம்: தனியாக ஆடும் சோலோ மோடுக்கும் சர்வர் தொடர்பு கட்டாயம். ஆஃப்லைன் மோடு தருவதாகச் சொன்னதை வெளியீட்டுக்கு முன்பே கைவிட்டார்கள். மே மாதத்தில் கரென்ட் கண்ணாமூச்சி ஆடும் நம் ஏரியாவில் இது கடுப்பேற்றும். இன்வெர்ட்டரில் 'யூபிஎஸ் மோடு' ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதா மோடில் மின்சாரம் மாறும் அந்தச் சின்ன இடைவெளியிலேயே பிசி அணைந்துவிடலாம். ரூட்டரையும் அதே லைனில் போடுங்கள், பலர் மறப்பது இதைத்தான். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றும் தூசும் சேர்ந்து கார்டு ஃபேனில் படியும். விளையாட்டு திணறினால் செட்டிங்கைக் குறைக்கும் முன் ஃபேனைத் துடைத்துப் பாருங்கள்.

கப்பலுக்கு டைமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் போதும், சுமார் 19 லட்சம் கிரெடிட். ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட வைக்கும் ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ் மட்டும் ஏ கிரேடு, மற்றவற்றில் பெரும்பாலானவை டி கிரேடு. டி-தான் எடை குறைவு. கப்பல் இளைத்தால் தாண்டும் தூரம் கூடும். துப்பாக்கி எதுவும் வேண்டாம். ஆனால் சின்ன ஷீல்டு ஒன்றை வையுங்கள், தரையிறங்கும்போது உரசினால் அதுதான் காப்பாற்றும். நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளும் பெரிய ஃப்யூல் ஸ்கூப், பழுது பார்க்கும் ஏஎஃப்எம்யூ கருவி இரண்டும் கட்டாயம். டெசியட் மண்டலத்தில் இருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்சீர் என்ற எஞ்சினியர் டிரைவின் தூரத்தைக் கூட்டித் தருவார். அங்கே சோலோ மோடில் போங்கள். எல்லோரும் சேர்ந்து ஆடும் ஓப்பன் மோடில் வருபவர்களைச் சுட்டுத்தள்ளவே ஒரு கூட்டம் காத்திருக்கும்.

50 ஒளியாண்டு தாண்டும் கப்பலுக்கு ஏறத்தாழ 520 ஜம்ப். எரிபொருள் கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகை நட்சத்திரங்களில் மட்டுமே கிடைக்கும். கேலக்ஸி மேப்பில் இந்த ஏழை மட்டும் டிக் செய்து, ஃபில்டரை ரூட்டுக்கும் பொருந்த விடுங்கள். ஜம்ப் ஓடும்போதே த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடுங்கள், ஏனென்றால் கப்பல் போய் நிற்பது நட்சத்திரத்துக்கு நேர் எதிரே. ஸ்கூப் செய்யும்போது வெப்பம் 65 சதவீதத்தைத் தாண்டினால் மூக்கைத் திருப்புங்கள். 100-ஐத் தாண்டினால் கப்பல் வேக ஆரம்பிக்கும்.

520 ஜம்ப் அலுப்பு தட்டும், நிச்சயம். அதற்குக் குறுக்கு வழி நியூட்ரான் நட்சத்திரம். அதன் இரு முனையிலும் பீறிடும் ஒளிக்கூம்புக்குள் நுழைந்தால் அடுத்த ஒரு ஜம்ப் நாலு மடங்காகும். கூம்பின் வெளி நுனியில், மூக்கை நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்து நுழையுங்கள். சார்ஜ் ஆனதாகச் செய்தி வந்ததும் வெளியேறிவிட வேண்டும். உள்ளே சூப்பர்க்ரூஸ் (மண்டலத்துக்குள் ஓடும் அதிவேகப் பயணம்) அறுந்தால் கப்பலைப் பம்பரமாய்ச் சுற்றி அடிக்கும். வெள்ளைக் குள்ளன் வகை நட்சத்திரத்தின் பக்கம் போகாதீர்கள்: கிடைப்பது ஒன்றரை மடங்குதான், ஆபத்தோ அதிகம். ஒவ்வொரு சார்ஜுக்கும் டிரைவ் கொஞ்சம் தேயும். ஏஎஃப்எம்யூ பழுது பார்க்கும்போது டிரைவ் அணையும், எனவே சூப்பர்க்ரூஸை விட்டு இறங்கிய பிறகே அதைத் தொடுங்கள். நியூட்ரானில் எரிபொருள் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி இடம். சினிமாவில் பார்த்த தகதக வளையத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், விளையாட்டில் இந்தக் கருந்துளையைச் சுற்றி எதுவும் எரியவில்லை. நேராகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பக்கவாட்டில் மெதுவாக நகருங்கள். பின்னால் நெருக்கியடிக்கும் நட்சத்திரங்கள் கருந்துளையின் விளிம்பில் வழுக்கி, வளைந்து, எதிர்ப்பக்கம் இழுபட்டு நீளும். வந்த காசுக்கு அதுதான் காட்சி. கன்ட்ரோல்+ஆல்ட்+ஸ்பேஸ் அழுத்தினால் வெளி கேமரா வரும். எஃப்10 படம் எடுக்கும். பெரிய அளவுப் படத்துக்கு ஆல்ட்+எஃப்10, அது சோலோவில் மட்டும்.

கருந்துளையில் ஸ்கூப் செய்ய முடியாது. அதனால் முந்தைய நிறுத்தத்திலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் பக்கத்து மண்டலத்தில் இருக்கும் எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் நிலையத்தில் இறங்கி, வழியில் ஸ்கேன் செய்த விவரங்களை விற்றுவிடுங்கள். விற்காமல் கப்பல் வெடித்தால் அத்தனையும் காலி. எரிபொருள் தீர்ந்துபோனால் ஃப்யூல் ராட்ஸ் என்ற ஆட்டக்காரர் குழு இலவசமாகக் கொண்டுவந்து ஊற்றும். ஆக்சிஜன் எண்ணிக்கை ஓட ஆரம்பித்திருந்தால் முதலில் மெனுவுக்கு வெளியேறுங்கள், உதவி கேட்பது அப்புறம்.

அவ்வளவு தூரம் தாங்குமா என்று சந்தேகம் இருப்பவர்கள் ஆல்ஃபா சென்டாரியில் இருக்கும் ஹட்டன் ஆர்பிட்டல் நிலையத்துக்குப் போய்ப் பொறுமையைச் சோதித்துப் பார்க்கலாம். ஜம்ப் முடிந்த பிறகும் 0.22 ஒளியாண்டு நேர்கோட்டில் ஓட்ட வேண்டும், பழைய டிரைவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே அனகோண்டா கப்பல் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், புதுசாக வருபவர்களுக்கு வைக்கும் பழைய ஆப்பு அது. ஹட்டன் மக் மட்டும் கிடைக்கும், அதுவும் காசு கொடுத்து.