கணித சாஃப்ட்வேர் மாநாடுன்னு 14,500 ரூபா சுருட்டிட்டாங்க: கடலூர், பாண்டி ஸ்காலர்ஸ் கவனம்

முந்தாநாள் ராத்திரி என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. கோபம் இன்னும் அடங்கல, அதனால எழுத்துல முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. 14,500 ரூபா. சுயநிதி காலேஜ்ல மேத்ஸ் எடுக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய காசுன்னு கூட வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும். நான் சீட்டு எடுத்த பணம் அது.

நான் கடலூர். பார்ட் டைம் பிஎச்டி, கிராஃப் லேபிளிங். தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்றேன். கிராஃப்னா புள்ளிகளைக் கோடு போட்டு இணைச்ச படம். சுத்தி வராம கிளை கிளையா போற ஒரு மரம் மாதிரி கிராஃப் இருக்குன்னு வைங்க, அதுல n புள்ளி, அதுக்கு 0ல இருந்து n-1 வரைக்கும் நம்பர் போடணும், ஒவ்வொரு கோட்டோட ரெண்டு முனை நம்பரையும் கழிச்சா வர்ற வித்தியாசம் எல்லாம் வேற வேறயா இருக்கணும். இதுக்கு கிரேஸ்ஃபுல் லேபிளிங்னு பேரு. எல்லா மரத்துக்கும் இப்படி போட முடியும்னு 1967ல ரோசாங்கற கணித ஆய்வாளரோட பேப்பர்ல இருந்து பேச்சு ஓடுது, இன்னும் யாரும் நிரூபிக்கல. கம்ப்யூட்டர் வச்சு 35 புள்ளி வரைக்கும் சரிபார்த்திருக்காங்க. நான் சேஜ்மேத்ங்கற இலவச கணித சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன், லாப்ஸ்டர்னு சொல்ற வகை மரங்களுக்கு லேபிள் தேடி படமா வரைஞ்சு காட்டும். 12 புள்ளியில மட்டும் 551 மரம் இருக்கு, அதுல லாப்ஸ்டரைப் பிரிச்சு எடுத்து ஓட்டி, ராத்திரி புள்ளைங்க தூங்கின பிறகு உக்காந்து உக்காந்து பண்ணது.

இந்த மாதிரி வேலையை எங்க அனுப்பறது? கணக்கு ஜர்னல்ல தியரம் எங்கன்னு கேப்பாங்க, கம்ப்யூட்டர் சைடுல இதுல புதுசா அல்காரிதம் என்னன்னு கேப்பாங்க. நடுவுல நிக்கற வேலை. அப்பதான் மெயில் வந்துச்சு. "கணித சாஃப்ட்வேருக்கான பன்முக சர்வதேச மாநாடு", இடம் பாண்டி. கடலூர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல போயிடலாம். இதே துறைல நிஜமாவே ஒரு பெரிய மாநாடு இருக்கு, 2002ல பெய்ஜிங்ல ஆரம்பிச்சது, 2010ல கோபே, 2016ல பெர்லின், 2024ல டர்ஹாம்னு நடக்குது, பேப்பர் ஸ்பிரிங்கர்ங்கற பெரிய பதிப்பகத்தோட எல்என்சிஎஸ்ங்கற புத்தக வரிசைல வரும். இவனுங்க அந்தப் பேரையே ஒரு வார்த்தை முன்ன பின்ன மாத்தி வச்சுக்கிட்டு, எல்என்சிஎஸ், ஸ்கோபஸ் (ஆய்வு ஜர்னல், பேப்பர் எல்லாத்தையும் பட்டியல் போடற தளம்)னு எல்லாம் மெயில்ல போட்டிருந்தாங்க.

நான் சுருக்கத்தை அனுப்பினேன், புரோகிராமுக்கு டிரைவ் லிங்க்கும் வச்சேன். ரெண்டு நாள்ல போன். கன்வீனர்னு சொன்னார். நல்ல மரியாதையான குரல். "மேடம், உங்க புரோகிராமை எங்க டீம் ரன் பண்ணிப் பார்த்தாங்க, லாப்ஸ்டர் படம் ரொம்ப நல்லா வருது மேடம், இந்த மாதிரி வேலைதான் எங்களுக்கு வேணும்"னார். அந்த ஒரு வார்த்தைதாங்க. இத்தனை வருஷத்துல என் புரோகிராமை இன்னொருத்தர் ஓட்டிப் பார்த்தேன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. கைடு சார் கூட படத்தைதான் பார்த்திருக்கார், புரோகிராமைத் திறந்ததில்ல. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, நிஜமா. அன்னிக்கே ரிஜிஸ்ட்ரேஷன் 9,500, பப்ளிகேஷன் 5,000, மொத்தம் 14,500 ஜிபேல போட்டேன். பணம் போனது ஒரு தனி ஆள் பேர்ல இருந்த அக்கவுண்டுக்கு, கேட்டதுக்கு டிரெஷரர்னு சொன்னாங்க.

இப்ப கேளுங்க. அந்த டிரைவ் லிங்க்கை யார் திறக்கணும்னாலும் எனக்கு பர்மிஷன் கேட்டு மெயில் வரணும். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கூட கேக்கல. ஓட்டவே இல்ல, திறக்கவே இல்ல. ஓட்டினோம்னு வாய் கூசாம சொன்னான்.

ரிவ்யூ ரிப்போர்ட் பணம் கட்டின பிறகு வந்துச்சு. என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? "மாதிரி அளவு குறைவாக உள்ளது, கூடுதல் நபர்களிடம் கேள்வித்தாள் வழங்கவும்." நான் எங்கங்க சர்வே எடுத்தேன்? மரத்துக்கு கேள்வித்தாள் கொடுக்கறதா? கேட்டதுக்கு "அது காமன் ஃபார்மட் மேடம், கண்டுக்காதீங்க"ன்னாங்க.

மாநாட்டு நாள் ஒரு லாட்ஜோட மீட்டிங் ஹால். நர்சிங், காமர்ஸ், தமிழ், சுற்றுலா எல்லாரும் ஒரே வரிசைல, பன்முகம்னா இதுதானாம். கணித சாஃப்ட்வேர்னு வந்தது நானும் விழுப்புரத்துல இருந்து வந்த ஒரு தம்பியும்தான். நான் லேப்டாப்பை புரொஜெக்டர்ல மாட்டி முதல் மரம் திரைல வரையறதுக்குள்ள செஷனை நடத்தினவர் "மேடம் டைம் இல்ல, கன்க்ளூஷன் மட்டும் சொல்லிடுங்க"ன்னார். சாஃப்ட்வேர் மாநாட்டுல சாஃப்ட்வேரை ஓட்ட விடல. சர்டிபிகேட்ல கிரேஸ்ஃபுல் லேபிளிங்கை கிரேட்ஃபுல் லேபிளிங்னு அடிச்சிருக்காங்க, மாத்தித் தர முடியாதாம், பிரிண்ட் ஆயிடுச்சாம்.

அதுக்கப்புறம் எல்என்சிஎஸ் எப்பன்னு கேட்டா பிராசஸ்ல இருக்கு மேடம். அடுத்த வாரம் கேட்டா எடிட்டர் ஊர்ல இல்ல. அப்புறம் பப்ளிஷர் சைடுல டிலே. அப்புறம் போனை ஒரு பொண்ணு எடுத்துச்சு, "சார் மீட்டிங்ல இருக்காங்க அக்கா"ன்னே சொல்லிட்டிருந்துச்சு, பாவம் அந்தப் பொண்ணுக்கு சம்பளம் வருதோ என்னவோ. கடைசியில ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க, எல்லாரோட சுருக்கத்தையும் ஒட்டி ஒரு ஐஎஸ்பிஎன் நம்பர் போட்டு. ஸ்பிரிங்கரும் இல்ல ஸ்கோபஸும் இல்ல. கேட்டா, ஸ்கோபஸ் வேணும்னா இன்னும் 8,000 கட்டுங்க மேடம், ஃபாஸ்ட் டிராக்! பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னேன். நான்-ரீஃபண்டபிள்னு மெயில்ல கடைசி வரில இருக்காம். போலீஸ்க்குப் போவேன்னு மெசேஜ் போட்டேன், பிளாக். 14,500 ரூபா அவ்வளவுதான்.

2022லயே யூஜிசி பிஎச்டிக்கு பேப்பர் கட்டாயம்ங்கறதை எடுத்துடுச்சு, ஆனா நிறைய யூனிவர்சிட்டி, காலேஜ் இன்னும் தனியா கேக்குது, இன்கிரிமென்ட்டுக்கும் கேக்குது. அந்த அவசரத்தைத்தான் இவனுங்க காசாக்கறானுங்க. 2005லயே எம்ஐடி பசங்க மூணு பேர் கம்ப்யூட்டரே எழுதின அர்த்தமில்லாத பேப்பரை ஒரு மாநாட்டுக்கு அனுப்பி, ஏத்துக்கிட்டோம்னு பதில் வாங்கி ஊரே சிரிச்சது. படிக்காமலே ஏத்துக்கற தொழில் அதுக்கப்புறமும் நிக்கல, நம்ம ஊர் லாட்ஜ் வரைக்கும் வந்துடுச்சு.

விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப அதுக்கு மனசு இல்ல, சுருக்கமா சொல்லிடறேன். ஸ்பிரிங்கர்னு சொன்னா போன தடவை வால்யூம் எதுன்னு கேட்டு அவங்க வெப்சைட் ஸ்பிரிங்கர்லிங்க்ல நீங்களே தேடுங்க. ஸ்கோபஸ் சோர்ஸ் லிஸ்ட் இலவசமாவே பாக்கலாம். தனி ஆள் அக்கவுண்டுக்கு காசு போடாதீங்க. ரிவ்யூ கைக்கு வராம பப்ளிகேஷன் காசு கேட்டா போனை வச்சுடுங்க. ஓட்டிப் பார்த்தோம்னு சொன்னா எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட் வந்துச்சுன்னு கேளுங்க, திணறுவான். சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கு ஜாஸ்னு ஒரு ஜர்னல் இருக்கு, ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், 2016ல இருந்து வருது, ஒரு பைசா கிடையாது, ரிவ்யூவர் நிஜமாவே நம்ம புரோகிராமை இன்ஸ்டால் பண்ணி, ஓடலன்னா ஓடலன்னு எல்லாரும் பாக்கற மாதிரி எழுதுவாங்க. ரிசர்ச்சுக்கு உதவற சாஃப்ட்வேரா, ஓப்பன் லைசென்ஸோட இருக்கணும், இன்னும் சில நிபந்தனையும் உண்டு. நான் அங்கதான் அனுப்பப் போறேன்.

சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி சொல்லியாச்சு, ஆன்லைன்லயும் கம்ப்ளெய்ன்ட் போட்டாச்சு. அந்த ஹால்ல அன்னிக்கு இருந்தவங்க, முக்கியமா அந்த விழுப்புரம் தம்பி, இதைப் பாத்தா ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அவங்க அனுப்பின மெயிலும் எடுத்து வச்சுட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க. திங்கக்கிழமை பாண்டி போறேன், எல்லாரோடதையும் சேர்த்து ஒரே புகாரா எழுதிக் கொடுக்கலாம்.